கடிகாரத்தின் மேல் ஒரு பெயர்

ஷஅபான் பாதியைத் தாண்டிவிட்டால் எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலில் துப்புரவுப் பணி தொடங்கிவிடும். பாய்கள் வெயிலுக்கு வரும். ஹவ்ளு இறைக்கப்படும். நோன்புக் கஞ்சி காய்ச்சும் பெரிய தேக்சாக்கள் கிடங்கிலிருந்து வெளியே வந்து, புளியும் சாம்பலும் கண்டு பளபளக்கும். மின்விசிறி, விளக்கு, ஒலிபெருக்கி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. நான் மின்பணியாளன் அல்லன். சொந்தமாக ஒரு சால்டரிங் அயன் வைத்திருக்கிறேன் என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கில்லை.

கடந்த ஆண்டு அந்த நாட்களில் ஓர் இரவு, இஷாத் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பின்னர், பெரியவர் ஒருவர் என்னைத் தூணோரமாக அழைத்தார். மிஹ்ராபுக்கு இடப்புறம் தொங்கும் தொழுகை நேரக் கடிகாரம் அவர் வாங்கிக் கொடுத்ததுதான். ஐந்து வேளைக்கும் பாங்கு நேரத்தையும் இகாமத் நேரத்தையும் சிவப்பு எழுத்துகளில் காட்டும் மின்னணுக் கடிகாரம் அது. அதன் கீழ் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பொன்னிறப் பட்டை ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. “அன்பளிப்பு” என்ற சொல்லும், அவர் பெயரும், அவருடைய வாப்பாவின் பெயரும் அதில் இருந்தன.

“தம்பி, தக்பீர் கட்டுமுன் மணி பார்க்கத் தலையை நிமிர்த்துகிறேன். மணிக்கு முன்னால் என் பெயர்தான் கண்ணில் படுகிறது. ஒட்டிய புதிதில் அது இனித்தது, உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும்? இப்போது தொழுகைக்குள் நிற்கும்போதும் அது கண்ணுக்குள் நிற்கிறது. யாருக்கும் தெரியாமல் அதை எடுத்துவிட முடியுமா?”

முடியும் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு நடக்கும் வழியில்தான் அச்சம் பிடித்துக்கொண்டது. அதற்குக் காரணங்கள் இரண்டு. கடிகாரம் இப்போது அவருடையதன்று. பள்ளிவாசலின் வக்ஃபுப் பொருள். இரண்டாவது காரணம் எனக்கு மட்டுமே தெரிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் காரணத்தை மறுநாள் இமாம் ஹஜ்ரத்திடம், ஆளைக் குறிப்பிடாமல் கேட்டேன். கொடையை வெளிப்படையாகச் செய்வதும் நல்லதே, மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்று சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 271ஆம் வசனத்தை அவர் நினைவூட்டினார். ஆகவே பெயர் இருப்பதையே குற்றம் என்று சொல்ல முடியாது. நிய்யத்தை அல்லாஹ் அறிவான் என்றார். பிறகு சற்று யோசித்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வேலைப்பாடுள்ள ஒரு போர்வையை அணிந்து தொழுத நிகழ்ச்சியைச் சொன்னார். தொழுகையில் அதன் வேலைப்பாட்டின் மீது ஒருமுறை பார்வை சென்றுவிட்டது. தொழுது முடித்ததும் அதை அபூ ஜஹ்ம் (ரலி) அவர்களிடம் கொடுத்துவிட்டு, அவரிடமுள்ள வேலைப்பாடற்ற முரட்டுத் துணியைக் கொண்டுவருமாறு கூறினார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றிருக்கிறது. “தொழுகையில் கண்ணை இழுக்கும் ஒன்றை அகற்றுவதற்கு இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்? கொடுத்தவரே கேட்கிறார். பொருளுக்குச் சேதம் வராமல் எடுத்துவிடுங்கள்” என்று முடித்தார்.

முத்தவல்லியிடமும் சொல்லாமல் செய்ய இயலாது. அவர் ஒப்புக்கொண்டார், ஆனால் மகிழ்ச்சியோடு அன்று. “பெயரைப் பார்த்துத்தான் அடுத்தவர் கொடுக்க முன்வருகிறார். போன ஆண்டு நான்கு மின்விசிறி அப்படித்தான் வந்தது” என்றார். அது பொய்யன்று. மேலே சுழலும் ஒவ்வொரு விசிறியின் இறக்கையிலும் யாரோ ஒருவரின் பெயர் சுழன்றுகொண்டிருப்பது எங்கள் ஊரில் மட்டுமா? சுழலும்போது படிக்க முடியாது என்பது ஓர் ஆறுதல்.

பொருளுக்குச் சேதம் வராமல் என்று ஹஜ்ரத் சாதாரணமாகச் சொன்னார். எனக்கோ அந்தச் சொல் சுருக்கென்றது. நான் ஏற்கெனவே பள்ளிவாசலின் பொருள் ஒன்றைச் சேதப்படுத்தியவன். இதுதான் அந்த இரண்டாவது காரணம்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் புதிய ஆம்பிளிபயர் ஒன்று வாங்கினோம். அதன் முகப்பில் கடைக்காரர் விலைச்சீட்டு ஒட்டியிருந்தார். விலைச்சீட்டுகளில் குறுக்கே மெல்லிய வெட்டுகள் இருப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். ஒரு பொருளின் சீட்டை உரித்து மற்றொன்றில் ஒட்டி ஏமாற்றுவதைத் தடுக்கவே அந்த வெட்டுகள். உரித்தால் துண்டு துண்டாகத்தான் வரும். அப்படி வந்த பிறகு பிசுக்கு மிஞ்சியது. அதில் தூசி படிந்து கறுத்தது. அவசரக்காரனாகிய நான் வீட்டிலிருந்து நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்துச் சென்று பஞ்சில் நனைத்துத் தேய்த்தேன். (உளூச் செய்யும் வீட்டில் நகப்பூச்சுக்கு என்ன வேலை என்று கேட்க வேண்டாம். நீக்கும் திரவம் வீட்டில் இருப்பதே உளூவுக்காகத்தான்.)

பிசுக்கு போயிற்று. கூடவே முகப்பும் போயிற்று. அந்தத் திரவத்தில் பெரும்பாலும் இருப்பது அசிட்டோன். மின்னணுப் பொருள்களின் கூடுகளில் மிகுதியாகப் பயன்படும் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்கை அது அழுக்கு நீக்குவதுபோல் துடைப்பதில்லை, கரைத்துவிடுகிறது. கறுப்பு முகப்பு குழைந்து, பஞ்சின் இழைகள் அதில் ஒட்டிக்கொண்டு, காய்ந்ததும் வெண்குஷ்டம் போலத் திட்டாக நின்றது. “மைக் 2” என்று அச்சிட்டிருந்த எழுத்தும் அழிந்தது.

அப்போது நான் செய்தது இதுதான்: வீட்டுக்குப் போய் ஒரு புதிய ஸ்டிக்கரை அச்சிட்டு வந்தேன். “மோதினாரைத் தவிர வேறு யாரும் தொட வேண்டாம்.” திட்டின் மேல் அதை ஒட்டினேன். சரியாக மறைந்தது. மறுநாள் மோதினார் என் கையைப் பிடித்துக்கொண்டு துஆச் செய்தார். பிள்ளைகள் திருகிகளைத் திருகிவிட்டுப் போவது அவருக்குப் பெரிய தொல்லையாக இருந்ததாம். “இத்தனை நாளும் யாருக்கும் தோன்றாதது உங்களுக்குத் தோன்றியதே” என்றார். அந்தத் துஆவை ஐந்து ஆண்டுகள் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே கடிகாரத்தைத் தொடும் முன் கேட்டுத் தெரிந்துகொள்வது என்று முடிவு செய்தேன். பெயர்ப்பலகை செய்யும் கடைக்காரர் ஒருவரிடம் போனேன். பிளாஸ்டிக் தகடுகளோடு காலமெல்லாம் புழங்குபவர். கடிகாரத்தின் முகப்பு கண்ணாடியன்று, அக்ரிலிக் என்று கைபேசியில் எடுத்த படத்தைப் பார்த்தே சொன்னார். “ஸ்பிரிட், சானிடைசர் எதையும் கொண்டுபோகாதீர்கள்” என்பது அவர் சொன்ன இரண்டாவது சொல். வெட்டிய விளிம்பிலும் துளையிட்ட இடத்திலும் அக்ரிலிக்குக்குள் இழுவிசை அடைந்துகிடக்கும். ஆல்கஹால் பட்டால் அந்த இடங்களிலிருந்து மயிரிழை போன்ற விரிசல்கள் ஓடும். அன்றே தெரியாமல் சில நாள் கழித்துத் தெரிவதும் உண்டு. அசிட்டோன், தின்னர், பெட்ரோல் ஆகியவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைப்பான்கூட அக்ரிலிக்குக்கு ஆகாது. கொரோனாக் காலத்தில் கண்டதையெல்லாம் சானிடைசரால் துடைத்தோமே, அப்போது மங்கிப்போன பொருள்கள் சில என் நினைவுக்கு வந்தன.

ஆல்கஹால் கலந்த திரவத்தைப் பள்ளிவாசலுக்குள் பயன்படுத்தலாமா, அது நஜீஸா இல்லையா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கேட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். அக்ரிலிக்கே அந்தக் கேள்வியைத் தீர்த்துவைத்தது.

உலோகத்துக்கும் கண்ணாடிக்கும் ஸ்பிரிட் தீங்கு செய்யாது; ஆனால் அவற்றின் மேல் அச்சிட்ட எழுத்து இருந்தால் எழுத்துக்குத் தீங்கு. ரப்பர் போன்ற மென்பூச்சுப் பூசிய பொருள்களிலும் மடிக்கணினித் திரைகளிலும் பூச்சையே அது எடுத்துவிடலாம். ஒரு பொருள் எந்த பிளாஸ்டிக் என்று அறிய, அதன் பேட்டரி மூடியின் உட்புறத்தையோ அடிப்பக்கத்தையோ பார்க்கலாம். பல பொருள்களில் பிளாஸ்டிக்கின் பெயர்ச் சுருக்கம் சிறிய எழுத்தில் வார்க்கப்பட்டிருக்கும். எதுவும் இல்லையென்றால் கண்ணில் படாத மூலையில் ஒரு துளி தொட்டுப் பார்க்க வேண்டும். ஆம்பிளிபயரின் அடிப்பக்கத்தில் நான் ஒரு துளி தொட்டிருந்தால் போதுமாயிருந்தது.

மண்ணெண்ணெய் போட்டால் சட்டென்று போகும் என்று ஒரு நண்பர் சொன்னார். போகலாம். பூண்டு தின்ற வாயோடு பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்று கற்பிக்கப்பட்ட சமுதாயத்தின் கிப்லாச் சுவரில் மண்ணெண்ணெய் மணக்க வேண்டுமா? ஆரஞ்சுத் தோலைப் பிழியலாம் என்றார் இன்னொருவர். ஊதிய பலூன் மீது ஆரஞ்சுத் தோலைப் பிழிந்தால் அது வெடிக்கும். தெர்மோகோலையும் அந்த எண்ணெய் கரைக்கும். இயற்கையானது என்பதாலேயே ஒன்று சாதுவாகிவிடாது. கடைக்காரர் பரிந்துரைத்தவை இளஞ்சூடு, தேங்காய் எண்ணெய், சோப்பு நீர், பொறுமை. நான்காவதை அவர் அழுத்திச் சொன்னார்.

கடிகாரத்தைத் துடைக்க எடுத்துப்போகிறேன் என்று சொல்லி ஓர் இரவு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மின்னிணைப்பைக் கழற்றி, மடித்த துண்டின் மேல் முகப்பு மேலாகக் கிடத்தினேன். முதலில் ஈரத் துணியால் தூசியை ஒற்றி எடுத்தேன். தூசியோடு தேய்த்தால் அக்ரிலிக்கில் கீறல் விழும். பிறகு என் மனைவி ஹேர் டிரையரைப் பிடித்துக்கொண்டார். ஒரு சாண் தூரத்திலிருந்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே காட்ட வேண்டும். உள்ளங்கை பொறுக்கும் சூடுதான் அளவு. அதற்கு மேல் போனால் தகடு வளையக்கூடும்.

ஒட்டும் பசை முழுத் திடப்பொருளன்று என்பதை அன்று விரல் நுனியில் உணர்ந்தேன். மிகக் கெட்டியான ஒரு நீர்மம் போன்றது அது. ஒட்டிய நாளிலிருந்து மெல்ல மெல்ல வழிந்து, பரப்பின் நுண்குழிகளுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் நேற்று ஒட்டியது எளிதாக வருகிறது, எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒட்டியது வர மறுக்கிறது. சூடு அதை இளக்குகிறது. ஓரத்தை நகத்தால் கிளப்பி, நேராகத் தூக்காமல், பட்டையை அதன் மேலேயே மடித்து மெதுவாகப் பின்னோக்கி இழுத்தேன். பழைய பட்டை நெகிழ்வை இழந்து முறுகிப்போயிருந்தது. மூன்று இடங்களில் அறுந்தது. பிளேடை எடுக்கக் கை துடித்தது. அதற்குப் பதிலாகக் காலாவதியான ஓர் ஏ.டி.எம். அட்டையைப் படுக்கையாக வைத்துத் தள்ளினேன்.

இடையில் என் மனைவி டிரையரை நிறுத்தினார். நான் அறுந்த துண்டுகளைக் குப்பைக்கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன். “பெயரைப் பாருங்கள்” என்றார். பெரியவருடைய வாப்பாவின் பெயரில் அல்லாஹ்வின் திருநாமம் இருந்தது. துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓர் உறையில் இட்டோம். பழைய முஸ்ஹபுத் தாள்களை அடக்கம் செய்யும்போது அதையும் சேர்த்து அடக்கினேன்.

பட்டை போன இடத்தில் பழுப்பு நிறப் பிசுக்கு எஞ்சியது. பஞ்சில் தேங்காய் எண்ணெயைத் தொட்டு அதன் மேல் பரப்பினேன். நேரடியாக ஊற்றினால் எண்ணெய் சட்டத்தின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிடும். கால் மணி நேரம் விட்டேன். எண்ணெய் பசைக்குள் ஊறி அதன் பிடியைத் தளர்த்துகிறது. பிறகு கட்டைவிரலில் பருத்தித் துணியைச் சுற்றித் தேய்த்தால் பசை சிறு சிறு திரிகளாகச் சுருண்டு வந்தது. அரை அங்குலம் மேலே பஜ்ர், லுஹர் என்று அச்சிட்ட எழுத்துகள். அவற்றின் மேல் விரல் போகாதபடி மற்றொரு கையால் அணைகட்டிக்கொண்டேன். போகாத இடத்தில் மறுபடியும் எண்ணெய், மறுபடியும் கால் மணி நேரம். மூன்று சுற்று ஆயிற்று. கடைசியில் சோப்பு நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் எண்ணெயைத் துடைத்து, வெறும் நீர்த்துணியால் ஒருமுறை, உலர்ந்த மென்துணியால் ஒருமுறை. ஸஹர் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஷஅபானில் நோன்பு வைக்கும் வழக்கமுள்ள என் மனைவி அப்படியே சமையற்கட்டுக்குள் போய்விட்டார்.

காலை வெளிச்சத்தில் பார்த்தபோது ஓர் ஏமாற்றம் காத்திருந்தது. பசையில்லை, விரிசலில்லை, எழுத்து ஒன்றும் அழியவில்லை. ஆனால் பட்டை இருந்த இடம் ஒரு சாண் நீளத்துக்குப் புத்தம் புதிதாக மின்னியது. மற்ற இடமெல்லாம் எட்டு ஆண்டுகளாக உலர்ந்த துணியால் துடைத்துத் துடைத்து மங்கியிருந்தது. பெயர் போய்விட்டது, பெயர் இருந்த இடம் முன்பைவிட நன்றாகத் தெரிந்தது. இதை மெருகேற்றும் பசையால் சமன் செய்யலாம் என்று கடைக்காரர் சொன்னார். பெரியவரிடம் கேட்டேன். “நாளாக நாளாக அதுவும் மங்கிவிடும், விடு” என்றார். நான் எந்த ஊர் என்று எழுதாததும் அவர் கேட்டுக்கொண்டதால்தான். அவர் அனுமதித்த பிறகே இதை எழுதுகிறேன்.

கடிகாரத்தை மாட்டிவிட்டு இறங்கியபோது ஆம்பிளிபயர் எதிரே இருந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த செய்தியை அறியாதவர் நம்மில் இல்லை. உள்ளே ஈரம். மழை பட்டுவிட்டது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். மழை அவர் குற்றமன்று. நெயில் பாலிஷ் ரிமூவரும் அறியாமையால் நேர்ந்ததுதான். அதன் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் அறிந்தே ஒட்டியது.

அதையும் அதே முறையில் எடுத்தேன். கீழே திட்டு அப்படியே இருந்தது. கரைந்த பிளாஸ்டிக்கை எண்ணெயும் சோப்பும் பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை. முத்தவல்லியை அழைத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “கருவி வேலை செய்கிறது அல்லவா?” என்றார். செய்கிறது, ஆனால் இது பள்ளிவாசலின் பொருள், முகப்பில் ஒரு சிறு தகடு வெட்டி எழுத்துகளைப் பொறித்துப் பொருத்த 600 ரூபாய் ஆகும், அதை நான் தருகிறேன் என்றேன். பணத்தை வாங்கிக்கொண்டு ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். பழக்கத்தில் என் பெயருக்கு எதிரே “அன்பளிப்பு” என்று எழுதிவிட்டார். அடித்துத் திருத்துமாறு கேட்டேன். என்ன எழுதுவது என்று பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். “சேதத்துக்கு ஈடு” என்றேன். ரசீதுப் புத்தகத்தில் இதுவரை அப்படி ஒரு வரவு வந்ததில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினார்.

அஸருக்குப் பாங்கு சொல்ல வந்த மோதினாரிடமும் நடந்ததைச் சொன்னேன். அவர் துஆவைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. திட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு, தகடு வரட்டும், ஆனால் நோன்பு தொடங்கினால் பிள்ளைகள் கூட்டம் வந்துவிடும், அதற்குள் அந்த வாசகத்தை மறுபடியும் எழுதிக் கொடுங்கள், இந்த முறை சுவரில் ஒட்டிக்கொள்கிறேன் என்றார்.